ஒரு நொடிக் கணக்கு

அந்தப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே பட்டபோது கடிகாரத்தில் ஒரு நொடி மிச்சம் இருந்தது. நடுவர்கள் செய்தது சரி.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரத்தில் குடியிருந்த காலத்தில் இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அங்கே மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. ஆனால் சனிக்கிழமைச் சாப்பாடு நிச்சயம் நின்றிருக்கும்.

2009 டிசம்பர் 5, சனிக்கிழமை இரவு. டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் அந்த ஆண்டுதான் திறந்திருந்த கவ்பாய்ஸ் ஸ்டேடியம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பிக் 12 கான்ஃபரன்ஸின் சாம்பியன்ஷிப் ஆட்டம். டெக்சாஸ் 13, நெப்ராஸ்கா 12. கிரிக்கெட்டில் ஷார்ஜாவில் மியாண்டாட் சிக்ஸர் அடித்த கடைசிப் பந்து எப்படியோ, நெப்ராஸ்காக்காரர்களுக்கு அது அப்படி. ஒரு வித்தியாசம், நம்மிடம் ஷார்ஜா என்றால் சிரித்துக்கொண்டே பேசும் அளவுக்கு ஆறிவிட்டது. அங்கே இன்னும் ஆறவில்லை.

நான் 2008 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அங்கே போனேன். சிவில் இன்ஜினியரிங். ஊர் பாளையங்கோட்டை. வாடகைக்கு எடுத்தது ஒரு பழைய மரவீட்டின் கீழ்த்தளம். மேலே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். லிங்கனின் வடகிழக்கில் ஹேவ்லாக் என்ற பகுதி, அங்கிருந்த ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எழுபதை நெருங்கும் மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, இரண்டு வருடமும் 'சார்' என்றே ஓட்டினேன். அவர் அதை ஒரு வியாதி மாதிரிப் பொறுத்துக்கொண்டார்.

அந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. கூடைப்பந்தா, பேஸ்பாலா, எதிலும் மேல்மட்ட அணி இல்லை. இருப்பதெல்லாம் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிதான். ஹஸ்கர்ஸ் என்பார்கள், சோளக்கதிர் உரிப்பவர்கள் என்று பொருள். லிங்கனில் உள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 முதல் ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது அவர்கள் பெருமை. 2009 செப்டம்பர் 26 அன்று அந்தக் கணக்கு 300ஐத் தொட்டது. மாணவர் டிக்கெட்டில் அன்றைக்கு நான் உள்ளே இருந்தேன். லூசியானா-லஃபாயெட் என்றொரு அணியை 55-0 என்று துவைத்தார்கள். ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் முதல் புள்ளி எடுத்ததும் ஆயிரக்கணக்கான சிவப்பு பலூன்கள் ஒரே நேரத்தில் மேலே கிளம்பின பாருங்கள், எனக்கு நெல்லையப்பர் கோவில் ஆனித் தேர் நிலையத்தை விட்டுக் கிளம்பும் அந்த நேரம் நினைவுக்கு வந்துவிட்டது. ஊரே ஒரே மூச்சில் வடம் பிடிக்கிற சத்தம். விளையாட்டு என்று நினைத்துப் போனேன், திருவிழா என்று தெரிந்துகொண்டு வந்தேன்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். பெயரில்தான் ஃபுட்பால், பெரும்பாலும் கையால் ஆடுவது. நான்கு வாய்ப்புக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும். போனால் மறுபடி நான்கு வாய்ப்பு. கடைசிவரை கொண்டுபோனால் டச் டவுன், ஆறு புள்ளி, அதன்மேல் ஓர் உதை ஒரு புள்ளி. முடியாதென்று தோன்றினால் தூரத்திலிருந்தே இரண்டு கம்பத்துக்கு நடுவே உதைக்கலாம். அது ஃபீல்ட் கோல், மூன்று புள்ளி. கபடி பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் பாதி தானாகவே புரியும். கோடு, பிடி, மூச்சு. மீதிப் பாதி கடிகாரம். அதுதான் இந்தக் கதை.

கான்ஃபரன்ஸ் என்றவுடன் நம்மூர்க்காரனுக்குப் பந்தலும் மேடையும் கட்சிக்கொடியும்தான் கண்ணில் வரும். இங்கே அது பல்கலைக்கழகங்களின் கூட்டு. பக்கத்து மாநிலங்களின் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும். யார் அதிகம் வென்றதோ அது சாம்பியன். பல காலம் அவ்வளவுதான். கடைசியில் ஒரு 'ஃபைனல்' வைப்பது என்ற பழக்கம் வந்ததே ஒரு சிறு விதியால். ஒரு கான்ஃபரன்ஸில் பன்னிரண்டு அணி இருந்து, அதை இரண்டு பிரிவாகப் பிரித்தால், பிரிவின் முதலிடங்கள் இரண்டும் கூடுதலாக ஒரு ஆட்டம் ஆடிக்கொள்ளலாம். 1980களில் பென்சில்வேனியாவின் சின்னக் கல்லூரிகள் சில, தங்கள் வசதிக்காகக் கேட்டு வாங்கிய சலுகை அது. பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தென்மாநிலக் கல்லூரிகளின் கூட்டான எஸ்.ஈ.சி. கான்ஃபரன்ஸின் ஆணையர் ராய் கிரேமர் கவனித்தார். பத்து அணியோடு இருந்த எஸ்.ஈ.சி.யில் ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்துப் பன்னிரண்டாக்கி, 1992இல் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் முதல் சாம்பியன்ஷிப் ஆட்டத்தை நடத்தினார்.

பயிற்சியாளர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஏன் கரைக்காது? சீசன் முழுக்கத் தோற்காமல் வந்த அணி, தேசிய பட்டத்துக்கான ஆட்டத்துக்கு முன்னால் இன்னொரு தடவை உயிரைப் பணயம் வைக்க வேண்டும். அந்த முதல் வருடமே அப்படித்தான் ஆனது. தோல்வியே காணாத அலபாமா கடைசிக் கட்டத்தில் ஃப்ளோரிடாவோடு 21-21 என்று நின்றது. அன்டோனியோ லாங்ஹாம் எதிரணியின் பந்தை இடைமறித்து ஓடி டச் டவுன் வைத்ததால் பிழைத்தார்கள். 28-21. பிறகு தேசிய பட்டத்தையும் வென்றார்கள். அந்த ஒரு இடைமறிப்பு நடக்காமல் போயிருந்தால் இந்த ஆட்டமே அந்த வருடத்தோடு செத்திருக்கும் என்பது என் ஊகம். பிழைத்ததால் மற்றவர்களும் போட்டியில் இறங்கினார்கள். டிக்கெட் காசு, தொலைக்காட்சிக் காசு, யாருக்குக் கசக்கும்?

பிக் 12 பிறந்தது அப்படி. நெப்ராஸ்கா இருந்த பிக் எய்ட் என்ற எட்டு அணிக் கூட்டோடு டெக்சாஸ் மாநிலத்தின் நான்கு கல்லூரிகள் சேர்ந்தன. 1996இல் ஆட்டம் தொடங்கியது. நெப்ராஸ்காக்காரர்கள் இதை மருமகள் வந்த கதையாகச் சொல்வார்கள். வீடு எங்களுடையது, வந்த மறுநாளே சாவி அவள் இடுப்பில். பிக் எய்ட்டின் அலுவலகம் கன்சாஸ் சிட்டியில் இருந்தது, புதிய அலுவலகம் டாலஸ் பக்கம் போனது. நெப்ராஸ்காவின் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்னுக்கு இந்தக் கூடுதல் ஆட்டமே பிடிக்கவில்லை. அவர் 1994, 1995 இரண்டு வருடமும் தேசிய பட்டம் வென்றவர். 1996இல் மூன்றாவது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, செயின்ட் லூயிஸில் நடந்த முதல் பிக் 12 சாம்பியன்ஷிப்பில் எதிரே வந்தது யார்? டெக்சாஸ். நான்கு தோல்வியோடு வந்த அணி. மூன்று புள்ளி முன்னிலையில், இரண்டரை நிமிடம் இருக்கையில், தன் பக்கத்திலேயே நான்காவது வாய்ப்பு. எந்த மடையனும் பந்தை உதைத்து அனுப்பிவிடுவான். டெக்சாஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி, எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜேம்ஸ் பிரவுன் இடதுபக்கம் ஓடுவது போல் ஓடிப் பந்தை எறிந்தார், 61 யார்டு. 37-27. ஆஸ்போர்னின் மூன்றாவது பட்டம் போச்சு. (அடுத்த வருடம் வாங்கிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார், அது வேறு.)

இந்த முன்கதை எல்லாம் எனக்கு வீட்டுக்காரர் சொன்னது. அவர் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. 2001இல் நெப்ராஸ்கா கொலராடோவிடம் 62-36 என்று உதை வாங்கி, கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கே போகவில்லை. ஆனாலும் கணினிக் கணக்கின் புண்ணியத்தில் தேசிய பட்டத்துக்கான ஆட்டத்தில் போய் உட்கார்ந்தது. மயாமியிடம் 37-14. ஒருநாள் இதைக் கேட்டேன். "அன்றைக்குக் கணினி சரியாக வேலை செய்தது" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

கணினிக் கணக்கு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது பி.சி.எஸ். என்ற முறை. வாக்கெடுப்பையும் கணினித் தரவரிசையையும் கூட்டிக் கழித்து முதல் இரண்டு அணியை எடுப்பார்கள், அந்த இரண்டும் ஒரே ஒரு ஆட்டம். மூன்றாவதுக்கு ஒன்றும் இல்லை. டிசம்பர் 5 காலையில் நிலவரம்: ஃப்ளோரிடா முதலிடம், அலபாமா இரண்டு, டெக்சாஸ் மூன்று. மூன்றும் தோற்காதவை. முதல் இரண்டும் அன்று பிற்பகல் அட்லாண்டாவில் எஸ்.ஈ.சி. சாம்பியன்ஷிப்பில் மோதின. அலபாமா 32-13. ஆக ஓரிடம் காலி. இரவு டெக்சாஸ் ஜெயித்தால் அந்த இடம் அவர்களுக்கு. தோற்றால், வாசலில் சின்சினாட்டியும் டி.சி.யூ.வும் பாய்சி ஸ்டேட்டும் தோற்காமல் காத்து நின்றன. சின்சினாட்டி அன்று பகலில்தான் பிட்ஸ்பர்க்கை 45-44 என்று நூலிழையில் தாண்டியிருந்தது. நெப்ராஸ்காவுக்கு? ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. அதில் ஒன்று அயோவா ஸ்டேட்டிடம், சொந்த மண்ணில், எட்டு முறை பந்தைப் பறிகொடுத்து 9-7. தேசிய பட்டத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. இழக்க ஒன்றும் இல்லாதவனும் எல்லாவற்றையும் இழக்கக்கூடியவனும் ஒரே மைதானத்தில். கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் என்றால் எனக்கு எப்போதும் இந்த ஏற்றத்தாழ்வுதான் ருசி.

மாலை ஆறரைக்கெல்லாம் மேல்வீட்டுக்குப் போய்விட்டேன். வீட்டுக்காரர், அவர் தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுத் தம்பதி, நான், என் அறைத்தோழன் மதுரைக்காரன். எல்லோரும் சிவப்பில். சாப்பாடு சில்லியும் இலவங்கப்பட்டை ரோலும். சில்லி என்றால் பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் கொதித்த காரக் குழம்பு. ரோல் என்றால் சர்க்கரைப் பாகு வழியும் இனிப்பு பன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது அந்த மாநிலத்துப் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டிலிருந்து வந்த பழக்கமாம். மதுரைக்காரன் முகத்தைச் சுளித்தான். அல்வாவுக்கு மிக்சர் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

நெப்ராஸ்காவால் அன்று முன்னேறவே முடியவில்லை. ஆட்டம் முழுக்கச் சேர்த்து 106 யார்டு. டச் டவுன் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு புள்ளியும் அலெக்ஸ் ஹென்ரி என்ற உதைப்பவர் காலிலிருந்து வந்தவை, நான்கு ஃபீல்ட் கோல். இப்படி ஒரு அணி எப்படி தோற்காத டெக்சாஸை மூச்சு முட்ட வைத்தது? ஒரே பதில், நடாமுகாங் சூ.

சூவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அப்பா கேமரூன், அம்மா ஜமைக்கா, பிறந்து வளர்ந்தது ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்து. நடாமுகாங் என்றால் அப்பா ஊர் மொழியில் 'ஈட்டிகளின் வீடு'. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். எங்கள் இன்ஜினியரிங் கல்லூரி மாணவர் என்பதில் எங்களுக்கு ஒரு திமிர். கட்டுமான மேலாண்மை படித்தார், பின்னாளில் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த 26 லட்சம் டாலரில் ஒரு பங்கு இன்ஜினியரிங் உதவித்தொகைக்கு. அன்றிரவு அவர் ஆடியதை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. டெக்சாஸின் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காய் அந்த வருடத்தின் தலைசிறந்த வீரர்களில் ஒருவர், ஹைஸ்மன் விருதுக்கு முன்னணியில் இருந்தவர். அவரைப் பந்தோடு தரையில் வீழ்த்தியது மொத்தம் ஒன்பது முறை. அதில் சூவின் கணக்கு நாலரை. (அரை எப்படி என்றால், இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் ஆளுக்குப் பாதி. கபடியில் இந்த நாகரிகம் கிடையாது.) ஒரு கட்டத்தில் மெக்காயை ஒரே கையால் பிடித்துத் துணிமூட்டை மாதிரி சுழற்றி எறிந்தார். மதுரைக்காரன் எழுந்து நின்று விசிலடித்தான். அதுவரை மரியாதையாக உட்கார்ந்திருந்த தம்பி மனைவி அவனைப் பார்த்து, எனக்கும் கற்றுக்கொடு என்றார்.

இனி கடைசி 1 நிமிடம் 44 நொடி.

டெக்சாஸ் 10, நெப்ராஸ்கா 9. ஹென்ரி 42 யார்டிலிருந்து உதைக்கிறார், உள்ளே. 12-10. வீடு அதிர்ந்தது. வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். விதிப்படி இப்போது நெப்ராஸ்கா பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும். கிக்ஆஃப். எவ்வளவு தூரம் உதைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பக்கவாட்டில் மட்டும் வெளியே போய்விடக் கூடாது. போனால் எதிரணிக்கு அவர்களுடைய 40 யார்டு கோட்டில் பந்து. சும்மா தூக்கிக் கொடுத்த மாதிரி.

வெளியே போனது.

வீட்டுக்காரரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கெட்ட வார்த்தை இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து, ரயில் பிரேக் விடுகிற மாதிரி ஒரு காற்று. மற்ற யாரும் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து மெக்காய் எறிந்த பந்தை ஜோர்டன் ஷிப்லி பிடித்து 19 யார்டு. பிடித்தவரை வீழ்த்தும்போது நெப்ராஸ்கா வீரர் பின்கழுத்துப் பக்கம் பட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். கழுத்து உடையும் என்று தடைசெய்யப்பட்ட பிடி. தண்டனை இன்னும் 15 யார்டு. இரண்டு தப்பு, கண்மூடித் திறப்பதற்குள் டெக்சாஸ் நெப்ராஸ்காவின் 26ஆவது யார்டில். ஏறக்குறைய இங்கிருந்தே உதைக்கலாம். ஆனாலும் ஒரு அடி நெருங்கலாம் என்று டெக்சாஸ் ஆடப்போய், மெக்காய் மறுபடி பின்னுக்குத் தள்ளப்பட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. டெக்சாஸ் ஆட்கள் ஏதோ ஆற்றங்கரையில் காற்று வாங்குபவர்கள் மாதிரி வரிசையில் வந்து நிற்கிறார்கள். பத்து நொடிக்கும் குறைவு. மெக்காய் பந்தை வாங்கி வலதுபக்கம் ஓடினார், ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். பிறகு பந்தை வெளியே எறிந்தார்.

பந்து வெளியே பட்ட நொடியில் கடிகாரம் நிற்க வேண்டும். திரையில் 0:00.

நெப்ராஸ்கா வீரர்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். நாங்கள் கூரையைப் பெயர்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தூக்கியே விட்டார், அதுவரை அவர் என்னிடம் வானிலை தவிர எதுவும் பேசியதில்லை. பிறகு தொலைக்காட்சியில் குரல் மாறியது. நடுவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டார்கள். ரீப்ளே. வீட்டுக்குள் யாரும் பேசவில்லை. நடுவர் வந்து சொன்னார்: கடிகாரத்தில் ஒரு நொடி திரும்ப வைக்கப்படும்.

ஹண்டர் லாரன்ஸ், 46 யார்டு. உள்ளே. 13-12.

நெப்ராஸ்கா பயிற்சியாளர் போ பெலீனியின் கோபத்தைத் தனியாக வர்ணிக்க வேண்டியதில்லை, அந்த மனிதர் சாதாரண நாளிலேயே எரிமலை. எங்கள் வீட்டில் கத்தல் இல்லை. தம்பி மனைவி தட்டுகளை எடுத்தார். நாங்கள் கீழே இறங்கினோம்.

மறுநாளிலிருந்து ஊர் பூராவும் ஒரே பேச்சு. தேசிய பட்டத்துக்கு டெக்சாஸ் போகாவிட்டால் பிக் 12க்குப் பணம் நஷ்டம், அதனால் திட்டம் போட்டு நொடியைத் திருப்பி வைத்தார்கள். மளிகைக்கடையில், பேருந்தில், எங்கள் ஆய்வகத்தில், எங்கும் இதுதான். எனக்கும் ஆசை, அது உண்மையாக இருக்க வேண்டுமென்று. திங்கட்கிழமை ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தேன். பத்து தடவையாவது இருக்கும். பந்து வெளியே படுகிறது. மேலே 0:01. அதற்கு அடுத்த கணம்தான் 0:00 ஆகிறது. கடிகாரத்தை நிறுத்தும் மனிதனின் விரல் தாமதம், அவ்வளவுதான். நானும் மூன்றாவது நடுவர் பச்சை விளக்கா சிவப்பு விளக்கா என்று நகம் கடித்து வளர்ந்தவன். ரன் அவுட்டில் மட்டை கோட்டின் மேல் இருந்தால் அவுட், யார் அழுதாலும் அவுட்.

அந்த வாரம் பனி கொட்டியது. வாசலில் மண்வெட்டியோடு நானும் வீட்டுக்காரரும் பனி அள்ளிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் நிறுத்தி, மண்வெட்டிக் காம்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"நீ இன்ஜினியர். சொல்லு. அந்த ஒரு நொடி இருந்ததா?"

"தெரியவில்லை சார். அந்தக் கோணத்தில் சொல்ல முடியாது."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். மறுபடி பனியை அள்ள ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஜனவரியில் டெக்சாஸ் அலபாமாவோடு ஆடியது. தொடக்கத்திலேயே மெக்காயின் தோளில் அடி, அவர் திரும்பி வரவில்லை, 37-21 தோல்வி. ஜூன் 11 அன்று நெப்ராஸ்கா பிக் 12ஐ விட்டு பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தது. அறிவித்தபோது விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்தவர் அதே டாம் ஆஸ்போர்ன். ஒரு நொடிதான் காரணம் என்று சொன்னால் அது கதை. பணம், டெக்சாஸின் ஆதிக்கம், கான்ஃபரன்ஸ் நாளைக்கு இருக்குமா என்ற பயம் எல்லாம் இருந்தது. ஆனால் லிங்கனில் யாரும் அந்த ஜூனில் பழைய வீட்டுக்காக அழவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கூத்து இதுதான். பிக் டென்னில் அதுவரை பதினொரு அணி (பெயரில் பத்து, இவர்களுக்கு எண்ணத் தெரியாது என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டேன்). நெப்ராஸ்கா போனதும் பன்னிரண்டு. உடனே விதிப்படி அவர்களுக்கும் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம் கிடைத்தது, 2011 முதல் இண்டியானாபொலிஸில். இந்தப் பக்கம், கொலராடோவும் வேறு கூட்டுக்குக் கிளம்பிவிட்டதால், பிக் 12இல் பத்துதான் மிச்சம். அவர்களுடைய சாம்பியன்ஷிப் ஆட்டம் நின்றுபோனது. ஒரு அணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதில் ஒரு வீட்டில் கல்யாணம், இன்னொரு வீட்டில் விளக்கணைப்பு. 2014இல் அந்த இருட்டு உறைத்தது. பி.சி.எஸ். போய், தேசிய பட்டத்துக்கு நான்கு அணி மோதும் பிளேஆஃப் தொடங்கிய முதல் வருடம். மூன்றாம் இடத்தில் இருந்த டி.சி.யூ. (அதற்குள் பிக் 12இல் சேர்ந்திருந்தது) கடைசி ஆட்டத்தை 55-3 என்று ஜெயித்தும் ஆறாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. காரணம், அதே நாளில் ஒஹையோ ஸ்டேட் பிக் டென் சாம்பியன்ஷிப்பில், மூன்றாவது நிலை குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு, விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கியது. கூடுதல் ஆட்டம் இருந்தவனுக்குக் காட்டிக்கொள்ள ஒரு மேடை, இல்லாதவன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தான். ஒஹையோ ஸ்டேட் அந்த வருடம் தேசிய பட்டமே வென்றது. விதியை மாற்றச் சொல்லி, பத்து அணியோடேயே பிக் 12 இந்த ஆட்டத்தை 2017இல் திரும்பக் கொண்டுவந்தது.

நெப்ராஸ்கா? 2012இல் பிக் டென் சாம்பியன்ஷிப்புக்குப் போனது. விஸ்கான்சின் 70, நெப்ராஸ்கா 31. கடிகாரத்தில் ஒரு மணிநேரத்தைத் திரும்ப வைத்திருந்தாலும் உதவியிருக்காது. அவர்கள் கடைசியாக ஒரு கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றது 1999இல். தோற்கடித்தது யாரை என்று கேட்கவே வேண்டாம். டெக்சாஸை, 22-6. பிக் 12 காலத்தில் பத்து முறை மோதியதில் அந்த ஒன்றுதான்.

நான் இப்போது டாலஸ் பக்கம், இர்விங்கில் இருக்கிறேன். பிக் 12 அலுவலகம் இதே ஊரில்தான். தமிழ்க் கடை, தோசைக் கடை, முருகன் காலண்டர் எல்லாம் உண்டு. அலுவலகத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் பலர். சேர்ந்த புதிதில் ஒருவரிடம், ஆரஞ்சுச் சட்டைக்காரரிடம், 2009 பிக் 12 ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். பதிலுக்கு ஒரு சண்டையை எதிர்பார்த்து, தயாராக. அவர் யோசித்தார். "ஓ, அந்த மோசமான ஆட்டமா? நாங்கள் ஜெயித்தோம், இல்லையா?" என்றார். அவர் நெஞ்சில் இருப்பது அதற்கு அடுத்த ஆட்டம், மெக்காயின் தோள். எங்களுடைய காயம் அவர் நினைவில் ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. நடுவர் திருப்பி வைத்த நொடியைவிட இது அதிகம் வலித்தது.

2024 டிசம்பர் 7. டெக்சாஸ் இப்போது எஸ்.ஈ.சி.யில். வந்த முதல் வருடமே சாம்பியன்ஷிப் ஆட்டம், அட்லாண்டாவில், ஜார்ஜியாவோடு. கூடுதல் நேரம் வரை போய் 22-19 தோல்வி. பார்த்துக்கொண்டிருந்தேன், பழைய ரத்தம் கொஞ்சம் கொதிக்கவும் செய்தது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஒன்று புரிந்தது. டெக்சாஸ் தோற்றும் எதுவும் ஆகவில்லை. பிளேஆஃப் பன்னிரண்டு அணியாகிவிட்டது, தோற்றவர்களும் உள்ளே. அதே நாள் பிக் டென்னில் தோற்ற பென் ஸ்டேட் உள்ளே. கடைசி நொடியில் 56 யார்டு ஃபீல்ட் கோலில் கிளெம்சனிடம் விழுந்த எஸ்.எம்.யூ.வும் உள்ளே. நியாயமான ஏற்பாடுதான். டி.சி.யூ.வுக்கு நடந்தது இனி நடக்காது. ஆனாலும் கழுத்தில் கத்தி வைத்திருக்கும் அந்தப் பழைய ஆட்டம், ஒரு நொடிக்காக ஒரு மாநிலமே பதினைந்து வருடம் பொருமுகிற ஆட்டம், இந்த ஏற்பாட்டில் பிறக்காது. எனக்கு அதில் வருத்தம். அணிகளின் பயிற்சியாளர்களுக்கு இருக்காது.

அன்றிரவு வீட்டுக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார். தம்பி வீட்டோடு போய்விட்டார், காது கொஞ்சம் மந்தம். டெக்சாஸ் தோற்றதை இருவரும் ஒரு நிமிடம் கொண்டாடினோம். பிறகு, என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.

"சார், அன்றைக்குப் பனி அள்ளும்போது கேட்டீர்களே. இருந்தது. ஒரு நொடி இருந்தது. நான் அப்போதே வீடியோவில் பார்த்துவிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்கவில்லையோ என்று திரும்பச் சொல்ல வாயெடுத்தேன்.

"அந்த கிக்ஆஃப்" என்றார். "அதை எதற்காக வெளியே உதைத்தான்?"

அதைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினோம்.